இருக்கிறவளுக்குத் துக்கம் விசாரித்தார்கள்

எங்கள் தெருமுனைப் பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரிக்கா. கத்திரி பிடிக்கிற அக்கா, கத்திரியக்கா என்று ஆரம்பித்தது தேய்ந்து தேய்ந்து கடைசியில் காய்கறிக் கூடைக்குள் போய் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. “நான் இருக்கிற ஒல்லிக்கு முருங்கைக்கான்னு வைக்காம விட்டீங்களே, அதுவே பெருசு” என்பார்.

கை வேகம், வாய் அதைவிட வேகம். நம் கழுத்தில் துணியைச் சுற்றி முடிச்சுப் போடுவதற்குள் மாமியாரில் ஆரம்பித்து வீட்டு ஓனர் வரைக்கும் விசாரித்துவிடுவார். தன் வீட்டைப் பற்றி மட்டும் தானாகப் பேசமாட்டார். கேட்டால் மறைக்கவும் மாட்டார். ஒரே மகள். பிறக்கும்போது மூச்சு திணறியதில் மூளை அடிபட்டுவிட்டது. கை கால் விறைப்பு, நடை இல்லை, பேச்சு இல்லை. ஆனால் காது பாம்புக் காது. சொல்வதெல்லாம் புரியும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள், இல்லை என்றால் ஓரமாகத் திருப்புவாள். எதைக் கேட்டாலும் எதிரே இருப்பவர் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் ஜட்ஜம்மா.

கணவர் அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வெட்டு மெஷின் ஓட்டுகிறவர். வெளியில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவது கஷ்டம். பகல் ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்குள் நுழைய, இவர் பார்லருக்குக் கிளம்புவார். அவர் கை விட்டால் இவர் கை பிடிக்கவேண்டும். நடுவில் மூன்றாவது கை கிடையாது. உறவுக்காரர்கள் முதலில் நேரில் வந்தார்கள், பிறகு போன் செய்தார்கள், அதற்கும் பிறகு, “உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னுதான்” என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

அது ஒரு விடுமுறை நாள் பிற்பகல். பார்லரில் கூட்டம். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண்மணி கத்திரிக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு வழக்கம்போல் ஓடியது. எந்த வீடு, வாடகை வீடா, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு அந்தப் பெண்மணி கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பாக்கிறார்?”

“அட்டைப்பெட்டி கம்பெனியில. வெட்டு மெஷின்.”

“அட, எங்க வீட்டுக்காரர் அங்கதான் ஃபோர்மேன்! வெட்டு மெஷின்னா யாரு, அந்த உயரமா, ஒரு பக்கம் சாஞ்சு நடப்பாரே, அவரா?”

“அவரேதான். மெஷினோட சேந்து சேந்து ஆளும் சாஞ்சுட்டார்.”

கண்ணாடியில் அந்தப் பெண்மணியின் முகம் அப்படியே மாறியது. துணிக்கு அடியிலிருந்து கையை உருவி, கத்திரிக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, நீங்களாம்மா அது? எங்க வீட்டுக்காரர் வந்து சொன்ன அன்னிக்கு எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கல. பெத்த வயிறு எப்படித் தாங்கும்?”

கத்திரிக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “எதைச் சொல்றீங்க?”

“உங்க பொண்ணுதாம்மா. போன மழைக்கு முன்னாடி நெஞ்சுல சளி கட்டித் தவறிப்போச்சே. சொந்த ஊர்லயே எல்லாத்தையும் முடிச்சிட்டீங்களாமே, வந்து முகத்தைப் பாக்கக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தப்பா நினைக்காதீங்க. ஒரு விதத்துல பாத்தா அந்தக் குழந்தைக்கும் விடுதலைதானே” என்றார்.

கத்திரி மூடிக்கொண்டது. விரல்களுக்கு நடுவே எவ்வளவு முடி இருந்தது என்று அவர் பார்க்கவேயில்லை. ஒரு சாண் கற்றை தரையில் விழுந்தது. ஃபோர்மேன் மனைவி அலறினார். பார்லர் முதலாளியம்மா ஓடிவந்து, “என்னடி பண்ணி வச்சிருக்கே!” என்று கத்தினார். கத்திரிக்கா வெளியே நடந்தார். மீதி முடியை அந்த அளவுக்கே குட்டையாக வெட்டி முதலாளியம்மாதான் ஒருவழியாகச் சமாளித்தார்.

“தலையில இடி விழுந்த மாதிரின்னு சொல்வாங்கல்ல,” என்று பிற்பாடு கத்திரிக்கா என்னிடம் சொன்னார். “எனக்கு இடியெல்லாம் விழல. கால் நடக்குது, கண்ணு பாக்குது, உள்ள மட்டும் ஆளே இல்ல. கத்திரி கையிலேயே இருக்குன்னுகூடத் தெரியல. எதிர்ல வர்றவங்க ஏன் ஒதுங்கிப் போறாங்கன்னு யோசிச்சேன்.”

பாதி வழியில் இன்னொரு பயம் வந்தது. ஒருவேளை இப்போதுதான், இன்றைக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா? ஊருக்குத் தெரிந்த செய்தி தனக்குத்தான் கடைசியில் வருகிறதா? அப்படி இருக்க வழியே இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது. கால் கேட்கவில்லை. மூன்றாவது மாடிவரை ஓடினார்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கணவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, மசித்த வாழைப்பழத்தை மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வெளியில் பேசாத அந்த மனிதர் செய்தி வாசிப்பவரின் குரலில் முழங்கிக்கொண்டிருந்தார். “தலைப்புச் செய்திகள். மூன்றாவது மாடியில் கடும் வாழைப்பழத் தட்டுப்பாடு. ஜட்ஜம்மா வீட்டில் திடீர் சோதனை.” அவள் வாய் நிறையப் பழத்தோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கத்திரிக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பைப் பார்த்தார்.

“என்ன சீக்கிரம் வந்துட்டே? எதுக்கு கத்திரியோட நிக்கிறே?”

“நம்ம பொண்ணு எப்போங்க செத்தா?”

ஸ்பூன் பாதியில் நின்றது. ‘என்ன உளறுகிறாய்’ என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஒரு விநாடியிலேயே கத்திரிக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

“இவ முன்னாடி வேண்டாம்” என்றார் கணவர்.

“ஏன்? ஊருக்கே சொன்னீங்கல்ல? செத்தவளுக்கு மட்டும் ஏன் மறைக்கணும்? தான் செத்துட்டோம்னு அவளுக்கும் தெரிய வேண்டாமா?”

ஜட்ஜம்மா மெல்லுவதை நிறுத்தினாள். அப்பாவையே பார்த்தாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன மழைக்கு முன்னால் மகள் நெஞ்சுச் சளியில் படுத்தது உண்மை. இரண்டு பேரும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் வேலைக்குப் போனார். சரியான தூக்கம் இல்லை. மெஷினில் அட்டையை நேராகச் செருகக் கை வரவில்லை. பசை ஒட்டுகிற பிரிவில் இருக்கும் பெரியவர், எல்லாரும் பசையண்ணன் என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

“‘என்னய்யா, பொண்ணு போயிட்டாளா’ன்னு கேட்டார். இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்துச்சு. அண்ணன் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். மெஷினை நிறுத்திட்டாங்க. எல்லாரும் வந்து சுத்தி நின்னாங்க. ஃபோர்மேன்கூட வந்தார்.” அவர் குரல் உடைந்தது. “இத்தனை வருஷமா நானும் சொல்லித்தானே பாத்தேன்? அவளுக்கு வலிப்பு வந்துச்சு, அவ ராத்திரி தூங்கல, எங்களுக்கு முடியலன்னு. நின்னு கேட்டவன் ஒருத்தன் இல்ல. ‘எல்லாருக்கும் ஒரு கஷ்டம்’னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. செத்துட்டான்னதும் வந்தாங்க. அந்தக் கையை விட எனக்கு மனசு வரல.”

“சரி, மறுநாள் சொல்றதுக்கென்ன?”

“மறுநாளே பகல் ஷிஃப்ட் கொடுத்துட்டாங்க. ‘அந்தம்மா தனியா கிடந்து அழும், ராத்திரி நீ வீட்ல இரு’ன்னாங்க.”

இதுதான் கத்திரிக்காவை உட்கார வைத்தது. பகல் ஷிஃப்டுக்காக வருஷக்கணக்கில் தவம் கிடந்தவர் அவர்தான். வலிப்பு வருகிற பிள்ளையோடு ராத்திரியெல்லாம் தனியாக விழித்திருந்தவர். பகல் ஷிஃப்ட் கிடைத்த பிறகுதான் அவரால் பார்லர் வேலைக்கே வர முடிந்தது. ஷிஃப்ட் மாறிய செய்தி வந்த அன்று மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அறை முழுக்கச் சுற்றி ஆடியிருக்கிறார். “ஜட்ஜம்மா, கடைசியில நமக்கும் கடவுள் கண்ணைத் திறந்துட்டார்டி” என்று கத்தியிருக்கிறார்.

“அவ சாவுக்குக் கொடுத்ததையா நான் அவளையே தூக்கி வச்சுக்கிட்டுக் கொண்டாடினேன்?”

கணவர் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, “அப்பா தப்பு பண்ணிட்டேன்டா” என்றார். அவள் கண்களை ஓரமாகத் திருப்பினாள். அன்று முழுக்க அவர் பக்கம் திரும்பவேயில்லை.

முழுசாகக் கோபப்பட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் கத்திரிக்கா. முடியவில்லை. தன்னை அப்படி யாராவது கட்டிப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்துவிட்டார். அப்படி யோசித்ததற்காகவே அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

விஷயம் எப்படியும் பரவிவிடும். இந்நேரம் பார்லர் முதலாளியம்மா, “எந்தப் பொண்ணு செத்துச்சு? காலையிலகூடப் பாத்தேனே” என்று ஃபோர்மேன் மனைவியிடம் சொல்லியிருப்பார்.

“நான் வேலையை விட்டுடறேன்,” என்றார் கணவர். “வேற எங்கயாவது சேந்துக்கறேன்.”

“அங்கயும் கேப்பாங்கல்ல, எத்தனை பிள்ளைங்கன்னு? அங்க யாரைச் சாகடிப்பீங்க? என்னையா?” கத்திரிக்கா கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தார். “நாளைக்குக் காலையில மூணு பேரும் போறோம்.”

மறுநாள் அவர் மகளைத் தோளில் சுமக்க, இவர் வீல்சேரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்கள். தொழிற்சாலை வாசலில் காவலாளி நிறுத்தினார்.

“யாருப்பா பாப்பா?”

“என் பொண்ணு.”

“இது இன்னொரு பொண்ணா? பரவாயில்லப்பா, ஒண்ணாவது மிஞ்சுச்சே.”

“எனக்கு ஒரே பொண்ணுதாண்ணே.”

காவலாளி ஜட்ஜம்மாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டைத் திறக்கவும் மறந்து, மூடவும் மறந்து நின்றார்.

உள்ளே பெரிய கொட்டகை. ஆள் உயரத்துக்கு அட்டை அடுக்குகள், பசை காய்கிற புளித்த வாசனை. வேலை தொடங்கும் நேரம். பெட்டி மடிக்கிற பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். வீல்சேர் நடுவில் வந்து நின்றதும் பேச்சு ஒவ்வொரு மூலையாக அடங்கியது. கடைசியில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

“என் பொண்ணு சாகல,” என்றார் கணவர். “நான் பொய் சொல்லிட்டேன்.”

ஒரு பெண் வீரிட்டாள். “உயிரோட இருக்காடி! கண்ணு சிமிட்டுறா பாருடி!” ஓடிவந்து ஜட்ஜம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். ஜட்ஜம்மாவின் உடம்பு வில்லாய் வளைந்து விறைத்தது, கை துள்ளியது. பெண் பதறிப் பின்வாங்கினாள்.

“பயப்படாதீங்க,” என்றார் கத்திரிக்கா. “புது ஆளுங்களைப் பாத்தா அவளுக்கு அப்படித்தான். இப்ப சரியாயிடும்.”

ஃபோர்மேன் வந்தார். அவருக்கு வீட்டிலேயே செய்தி எட்டியிருந்தது போலும். முகம் வெளுத்திருந்தது. “விளையாட்டா இருக்காய்யா உனக்கு? பெத்த பிள்ளையைச் செத்துட்டான்னு சொல்லுவானா ஒருத்தன்? எத்தனை பேர் சோறு இறங்காம இருந்தோம் தெரியுமா?”

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பசையண்ணன் வந்தார். நரைத்த தலை, முழங்கை வரைக்கும் காய்ந்த பசை. ஜட்ஜம்மாவைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்த்தார். பிறகு கையை ஓங்கி ஓர் அறை விட்டார். கொட்டகை முழுக்கக் கேட்டது.

“என் பையனைப் பத்தி உன்கிட்ட சொன்னேனேடா,” என்றார். “வீட்ல அவங்கம்மாகிட்டகூட நான் பேசினதில்ல. உனக்குத்தான் புரியும்னு உன்கிட்ட சொன்னேனேடா.”

சொல்லிவிட்டு ஓர் அட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

கத்திரிக்காவுக்கு அதுவரை இது தெரியாது. பசையண்ணனின் மகன் ஆற்றில் மூழ்கி இறந்தவன். அந்தச் சாவைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொருவன் கிடைத்தான் என்று நம்பி, வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்திரிக்காவின் கணவரிடம் இறக்கி வைத்திருக்கிறார். இவரும் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்.

“நாங்கதான் அநியாயத்துக்கு ஆளானவங்கன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன்,” என்றார் கத்திரிக்கா. “அங்க இன்னொருத்தர் என் புருஷனால நொறுங்கி உக்காந்திருக்கார். எந்தப் பக்கம் திரும்பறதுன்னே எனக்குத் தெரியல.”

கிளம்புவதற்கு முன் ஃபோர்மேனிடம் ஒன்றை மட்டும் கேட்டார். “அவ உயிரோட இருக்கான்னு நீங்க நினைச்சிருந்தப்ப பகல் ஷிஃப்ட் எத்தனை தடவை கேட்டார் சார்? ஏன் கொடுக்கல?”

“அது ரூல்ஸ்மா.”

“அவ செத்ததும் அந்த ரூல்ஸ் எங்க போச்சு?”

சங்கு ஊதியது. எல்லாரும் கலைந்து மெஷின்களுக்குப் போனார்கள்.

வேலை போகவில்லை. ஆனால் அந்த வாரமே அவரை இரவு ஷிஃப்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பகல் ஷிஃப்ட் இரக்கப்பட்டுக் கொடுத்தது, அந்தக் காரணம்தான் இப்போது இல்லையே என்றார் ஃபோர்மேன், முகத்தைப் பார்க்காமல். இதை எங்களிடம் சொல்லும்போது கத்திரிக்காவுக்கு அழுகைகூட வரவில்லை. “இரக்கப்படணும்னா அவ செத்திருக்கணுமாம்” என்று சொல்லிவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

சாயங்காலம் கணவர் கிளம்பிவிடுவதால் கத்திரிக்காவால் பார்லருக்கு வரமுடியவில்லை. பகலில் அங்கே ஆளே வராது. அதனால் ஒரு நாற்காலியையும் கண்ணாடியையும் வீட்டு ஜன்னலோரம் போட்டு, வேண்டியவர்கள் மேலே வரட்டும் என்று சொல்லிவிட்டார். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறிப் போனோம். அந்தப் படியில் எங்களில் யாரும் அதற்கு முன் கால் வைத்ததில்லை.

முதல் நாள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜட்ஜம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்தலையோடு இருந்த ஒருத்தி பொறுக்கமாட்டாமல், “ஏன்க்கா இப்படி முறைக்கிறா?” என்று கேட்டுவிட்டாள்.

“நீங்க யாரும் அவளைப் பாக்கலைல்ல, அதான்” என்றார் கத்திரிக்கா.

போகப் போகக் கூச்சம் விட்டது. காத்திருக்கிறவர்களில் யாராவது தம்ளரை அவள் வாயில் பிடித்தார்கள். கால் இழுத்துக்கொண்டால் எந்தப் பக்கம் நீவிவிடவேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். ஒரு விடுமுறை நாள் மதியம் கத்திரிக்கா சுவரில் சாய்ந்தவர் அப்படியே கண்ணசந்துவிட்டார். திடுக்கிட்டு எழுந்து, “என் பொண்ணு எங்க?” என்று போட்ட கூச்சலில் கீழ்மாடிக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பொண்ணு அங்கேயேதான் இருந்தாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். பகலில் தான் தூங்கினோம் என்பதையே கத்திரிக்காவால் நம்ப முடியவில்லை. சுவர்க்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிற பெண்கள் ஒன்றாகப் போய் ஃபோர்மேனிடம் பேசிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. கடைசியில் மெக்கானிக் ஒருவர், வாரம் விட்டு வாரம் தன் பகல் ஷிஃப்டை மாற்றிக்கொள்வதாகத் தானே வந்து சொன்னார். பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான். அந்தப் பாதியையாவது தாண்டினார்கள்.

பசையண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தார். கதவைத் திறந்தது கணவர். தூணைச் சுற்றுவதுபோல் அவரைச் சுற்றிக்கொண்டு பசையண்ணன் உள்ளே போய் ஜட்ஜம்மாவின் எதிரே உட்கார்ந்தார். மகனைப் பற்றி அவளிடம் ஏதோ சொன்னார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு அடிக்கடி வருகிறார். கணவர் போட்டு வைக்கும் டீயைக் குடிப்பார். ஆனால் அவரிடம் பேச்சு மட்டும் இன்றுவரை கிடையாது.

“உங்க வீட்டுக்காரரை நீங்க மன்னிச்சிட்டீங்களாக்கா?” என்று போன தடவை கேட்டேன்.

“இருக்கிற வேலைக்கு அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்? தலையை ஆட்டாதீங்க.”

கொஞ்ச நேரம் வெட்டினார். பிறகு அவராகவே சொன்னார். தொழிற்சாலையில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறாராம். சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம், “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கண்ணே?” என்று கேட்டிருக்கிறார்.

“ஒரு பொண்ணு. நடக்க வராது, பேச வராது.”

“அடப் பாவமே” என்று உச்சுக்கொட்டிவிட்டு அந்த ஆள் டிபன் டப்பாவோடு எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். வெளியில் வாயே திறக்காத மனிதர், அவர் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்.

“இருப்பா. நான் இன்னும் சொல்லி முடிக்கல.”

அவளுக்கு என்ன பிடிக்கும், யாரைப் பார்த்தால் சிரிப்பாள், எந்தச் செய்தியை வாசித்தால் புரையேறும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாராம். சங்கு ஊதும்வரை அந்த மனிதரால் டப்பாவைத் திறக்கவே முடியவில்லையாம்.